செயலியில் ஒப்புதல் தந்துவிட்டால் பணம் போனது போனதுதானா?

கேட்டிருப்பவர் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் வேலை பார்க்கும் ஒரு பெண். ஊரிலிருந்து அம்மா அனுப்பிய பார்சலுக்காகக் காத்திருந்த நேரத்தில், "சுங்கக் கட்டணம் 1.99 யூரோ பாக்கி" என்று ஒரு குறுஞ்செய்தி வந்திருக்கிறது. அதிலிருந்த இணைப்பைத் திறந்து கார்டு விவரங்களைக் கொடுத்தார். வங்கிச் செயலியில் "உறுதிப்படுத்தவும்" என்று வந்தது. கைரேகை வைத்தார். மறுநாள் சனிக்கிழமை, அவர் போயே இராத ஓர் ஊரில் மூன்று கடைகளில் 489, 512, 340 என்று மொத்தம் 1,341 யூரோ கணக்கிலிருந்து போய்விட்டது. கார்டு அவருடைய கைப்பையிலேயே இருந்தது. ஞாயிறு காலை பார்த்ததும் கார்டை முடக்கி வங்கிக்குத் தெரிவித்தார். பத்து நாளில் வங்கியிடமிருந்து கடிதம்: "இவை வலுவான உறுதிப்பாட்டுடன் நடந்த பரிவர்த்தனைகள். ஒப்புதல் அளித்தது நீங்கள். எனவே பணத்தைத் திருப்பித் தர இயலாது." தவறு என்னுடையதுதானே, இனி செய்வதற்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறார்.

இருக்கிறது. அந்தக் கடிதம் முடிவல்ல. தவறு யாருடையது என்பது ஒரு கேள்வி, நட்டம் யாருடையது என்பது இன்னொரு கேள்வி. ஐரோப்பியச் சட்டம் இரண்டையும் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. பத்து ஆண்டுகளாக இங்கே கார்டுத் தகராறுகளைக் கையாளும் பிரிவில் வேலை செய்கிறேன். இப்படிப்பட்ட கடிதம் வந்ததும் அதை மடித்து வைத்துவிட்டு, வீட்டில்கூடச் சொல்லாமல் இருந்துவிடும் நம்மவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனம் பொறுக்காது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நம்மவர்கள் அடங்கிப்போவதற்கு ஒரு காரணம் ஊர்ப் பழக்கம் என்று நினைக்கிறேன். இணையத்தில் கார்டு வழியாகப் பணம் கட்டும்போது கூடுதல் உறுதிப்பாடு வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்டிலேயே கட்டாயமாக்கிவிட்டது. ஐரோப்பா அந்த இடத்துக்கு வந்து சேரப் பத்து ஆண்டுகள் ஆயின. ஆனால் நட்டத்தை யார் சுமப்பது என்பதில் இரண்டு இடங்களின் விதியும் ஒன்றல்ல. ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, ரகசிய விவரத்தைப் பகிர்ந்தது போன்ற வாடிக்கையாளரின் அலட்சியத்தால் பணம் போனால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான நட்டம் முழுவதும் அவருடையது. "ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவருக்கு, சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. இங்கே நட்டம் முழுவதையும் உங்கள் தலையில் சுமத்தச் சாதாரண அலட்சியம் போதாது. கடும் அலட்சியம் வேண்டும். அது கடும் அலட்சியம்தான் என்று காட்ட வேண்டிய பொறுப்பு வங்கியினுடையது.

சட்டத்தின் பெயர் பிஎஸ்டி 2. பணம் செலுத்தும் சேவைகள் குறித்து 2015 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் நிறைவேற்றிய இரண்டாவது ஆணை இது. 2018 ஜனவரி 13 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒவ்வொரு நாடும் இதைத் தன் சட்டத்தில் சேர்த்துக்கொண்டது. ஜெர்மனியில் இது உரிமையியல் சட்டத் தொகுப்பின் 675 என்ற எண்ணோடு தொடங்கும் பிரிவுகளில் இருக்கிறது. உங்களுக்கு வேண்டியவை 675யு, 675வி, 675டபிள்யு ஆகிய மூன்று. வங்கிக்கு எழுதும்போது இந்த எண்களைக் குறிப்பிடுங்கள். வெறும் கெஞ்சல் கடிதமும் பிரிவு எண்ணோடு வரும் கடிதமும் வங்கிக்குள் வெவ்வேறு மேசைகளுக்குப் போகின்றன என்பதை உள்ளிருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

"வலுவான உறுதிப்பாடு" என்று வங்கி சொல்வது என்ன? உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்று, உங்களிடம் மட்டும் இருக்கும் ஒன்று, உங்கள் உடலோடு பிறந்த ஒன்று. இந்த மூன்றில் குறைந்தது இரண்டு. பின் நம்பர், கைபேசி, கைரேகை என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்டின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணும் பின்புறத்து மூன்று இலக்கமும் "தெரிந்த ஒன்று" என்ற கணக்கில் சேரா என்று ஐரோப்பிய வங்கி ஆணையம் 2019இல் தெளிவுபடுத்தியது. பார்க்கிறவர் எல்லோரும் படிக்கக்கூடியது எப்படி ரகசியமாகும்? வலுவான உறுதிப்பாடு வேண்டும் என்ற விதி 2019 செப்டம்பர் 14 அன்று அமலுக்கு வந்தது. கடைகள் தயாராக இல்லாததால், இணையக் கார்டுக் கட்டணங்களுக்கு மட்டும் 2020 இறுதிவரை அவகாசம் கிடைத்தது.

இரண்டு சான்றுகள் மட்டும் போதாது. இணையத்தில் பணம் கட்டும்போது உருவாகும் ஒப்புதல் குறியீடு, அந்தத் தொகைக்கும் அந்தப் பெறுநருக்கும் மட்டுமே பொருந்த வேண்டும். தொகை ஒரு சென்ட் மாறினாலும், பெறுநர் மாறினாலும் குறியீடு செல்லாது. அதோடு, எவ்வளவு, யாருக்கு என்ற இரண்டையும் உங்களுக்குக் காட்டியாக வேண்டும். உங்கள் செயலியில் நடந்த பழைய கட்டணம் ஒன்றின் ஒப்புதல் திரையை நினைத்துப் பாருங்கள். மேலே கடையின் பெயர், அதன் கீழே பெரிய எழுத்தில் தொகை, அதற்கும் கீழேதான் பொத்தான். சட்டத்தின் முழு நோக்கமும் அந்த இரண்டு வரிகளில் அடங்கியிருக்கிறது. நாமோ பொத்தானை மட்டும் பார்த்துப் பழகிவிட்டோம்.

இப்போது உங்கள் விவகாரத்துக்கு வருகிறேன். அன்று நீங்கள் பார்த்த திரையில் 489 என்றோ ஒரு கடையின் பெயரோ இருந்ததா? நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இருந்திருக்காது என்றே எண்ணுகிறேன். கார்டு உங்கள் பையில் இருக்க, வேறோர் ஊரில், அதுவும் நேரில், கடைகளில் பணம் போயிருக்கிறது. இது கைபேசிப் பணப்பை, அதாவது கார்டைச் சேர்த்து வைத்துக் கைபேசியாலேயே பணம் கட்ட உதவும் செயலி, வழியாக நடக்கும் மோசடியின் அச்சு அசலான அடையாளம். திருடன் உங்கள் கார்டு எண்ணைத் தன் கைபேசியின் பணப்பையில் சேர்க்கிறான். வங்கி உங்கள் செயலிக்கு ஒரு கோரிக்கை அனுப்புகிறது. சுங்கக் கட்டணம் கட்டுவதாக நினைத்து நீங்கள் கைரேகை வைக்கிறீர்கள். அந்த ஒரு தொடுதலில் உங்கள் கார்டு அவன் கைபேசிக்குள் குடியேறிவிடுகிறது. அதன் பிறகு அவன் கடைக்கு நடந்துபோய்த் தன் கைபேசியை இயந்திரத்தில் காட்டுகிறான். அந்தக் கைபேசியைத் திறப்பது அவனுடைய விரல், அவனுடைய முகம். வங்கியின் பதிவேட்டில் மட்டும் "உடல் அடையாளத்துடன் உறுதிப்படுத்தப்பட்டது" என்று ஏறுகிறது. யாருடைய உடல் என்று அந்தப் பதிவு சொல்லாது.

ஆகவே வங்கியிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இந்த மூன்று கட்டணங்களும் எந்தக் கருவியிலிருந்து நடந்தன? அந்தக் கருவியில் என் கார்டு எப்போது சேர்க்கப்பட்டது? அப்போது என் திரையில் தோன்றிய வாசகம், எழுத்துக்கு எழுத்து, என்ன? பணப்பையில் கார்டைச் சேர்ப்பதும் மோசடிக்கு இடம் தரும் செயல்தான், அதற்கும் வலுவான உறுதிப்பாடு வேண்டும் என்பது விதி. "புதிய கருவியில் உங்கள் கார்டைச் சேர்க்கிறீர்கள்" என்று திரை தெளிவாகச் சொன்னதா, வெறும் "உறுதிப்படுத்தவும்" என்று நின்றதா என்பதில்தான் இந்தத் தகராறின் உயிர்நாடி இருக்கிறது.

இங்கே ஒரு நுட்பமான வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். உறுதிப்பாடு வேறு, ஒப்புதல் வேறு. உறுதிப்பாடு, வந்திருப்பது யார் என்று கேட்பது. ஒப்புதல், இந்தக் கட்டணத்துக்கு நீங்கள் சம்மதித்தீர்களா என்று கேட்பது. வங்கியின் கடிதம் முதலாவதைக் காட்டிவிட்டு இரண்டாவதும் நிரூபணம் ஆகிவிட்டதாகப் பேசுகிறது. ஆணையின் 72ஆவது பிரிவு இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது: கார்டு போன்ற பணம் செலுத்தும் கருவி பயன்படுத்தப்பட்டது என்று பதிவேட்டில் இருப்பது மட்டுமே, வாடிக்கையாளர் ஒப்புதல் தந்தார் என்பதற்கோ, அவர் மோசடி செய்தார் அல்லது கடும் அலட்சியமாக இருந்தார் என்பதற்கோ போதுமான சான்றாக வேண்டியதில்லை. அலட்சியம் என்று சொன்னால் வங்கி அதற்குத் தனியாக ஆதாரம் தர வேண்டும். ஜெர்மனியின் உச்ச உரிமையியல் நீதிமன்றமும் 2016 ஜனவரியில் இதை ஒட்டியே தீர்ப்பளித்தது. இணைய வங்கிச் சேவை தவறாகப் பயன்படுத்தப்பட்டது என்பதாலேயே வாடிக்கையாளர் கடும் அலட்சியமாக இருந்தார் என்று அனுமானித்துவிட முடியாது என்றது.

நீங்கள் ஒப்புதல் தராத கட்டணம் என்று தெரிவித்தால், அடுத்த வேலைநாள் முடிவதற்குள் வங்கி பணத்தைக் கணக்கில் திரும்ப வைக்க வேண்டும் என்பதே பொது விதி. முதலில் பணம், பிறகு விசாரணை என்பதுதான் வரிசை. வாடிக்கையாளரே மோசடி செய்கிறார் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் மட்டும் வங்கி நிறுத்தி வைக்கலாம். அப்போதும் அந்தக் காரணத்தை அதிகார அமைப்புக்கு எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். உங்கள் வங்கி பத்து நாள் எடுத்துக்கொண்டிருக்கிறது. அப்படி யாருக்காவது எழுதியதா என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு நேரான பதில் வருவது அரிது.

கார்டு தொலைந்தோ திருடப்பட்டோ அதன் விவரம் பறிபோயோ இழப்பு நேர்ந்தால், கடும் அலட்சியம் இல்லாதவரை, உங்கள் பங்கு அதிகபட்சம் 50 யூரோ. முந்தைய சட்டத்தில் இது 150 ஆக இருந்தது. கட்டணம் நடப்பதற்கு முன் நீங்கள் அறிந்திருக்கவே முடியாத திருட்டு என்றால் அந்த 50கூட இல்லை. வங்கிக்குத் தெரிவித்த பிறகு நடந்தவற்றுக்கு உங்களுக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது. வலுவான உறுதிப்பாடு கேட்கப்படாமலே பணம் போயிருந்தால், நீங்களே மோசடி செய்திருந்தால் ஒழிய, ஒரு சென்ட்கூட உங்கள் தலையில் விழாது. அலட்சியம் என்ற பேச்சே அங்கே எழாது.

இந்தக் கடைசி விதி பலருக்குத் தெரிவதில்லை. சில கட்டணங்களுக்குச் செயலி எதுவுமே கேட்பதில்லையே என்று பயப்படுகிறவர்கள் உண்டு. 30 யூரோவுக்கு உட்பட்ட சிறு இணையக் கட்டணம், கடையில் 50 யூரோவுக்கு உட்பட்டுக் கார்டைக் காட்டிச் செல்வது, மாதாமாதம் ஒரே தொகை ஒரே நிறுவனத்துக்குப் போவது, மோசடி விகிதம் குறைவாக உள்ள வங்கிகள் 500 யூரோ வரை அபாயம் குறைவு என்று கணித்து விடுவது, இப்படிச் சில விலக்குகள் இருக்கின்றன. சிறு கட்டணங்களுக்கும் கூட்டுத்தொகையிலோ தொடர்ச்சியான எண்ணிக்கையிலோ வரம்பு உண்டு. அதனால்தான் காபிக்குப் பணம் கட்டும்போது சில நாள் திடீரென்று பின் நம்பர் கேட்கிறது. விலக்கைப் பயன்படுத்துவது வங்கி, கடை ஆகியோரின் வசதிக்காக. அதன் அபாயமும் அவர்களுடையது. சட்டம் இவ்வளவு நேர்மையாக எழுதப்பட்டிருக்கிறது என்பது எனக்கு இன்றும் நிறைவு தருகிறது.

கடும் அலட்சியம் என்றால் என்ன என்ற கேள்வியில்தான் உங்கள் வங்கி நின்று போராடும். ஆணையின் முன்னுரை ஓர் உதாரணம் தருகிறது: ரகசிய எண்ணை யாரும் பார்த்துப் புரிந்துகொள்ளும் வகையில் கார்டோடு சேர்த்து வைத்திருப்பது. அந்த அளவுக்குக் கண்மூடித்தனமாக இருக்க வேண்டும். மற்றபடி, சூழ்நிலை முழுவதையும் பார்த்து நீதிமன்றம் முடிவு செய்யும். பிரான்சின் உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 23 அன்று தந்த தீர்ப்பு நினைவில் வைக்கத்தக்கது. வங்கி ஆலோசகரின் எண்ணே திரையில் தோன்றும்படி ஒரு மோசடிக்காரர் தொலைபேசியில் அழைத்து, வாடிக்கையாளரை அவருடைய வங்கிச் செயலியில் ஒப்புதல் தர வைத்தார். அந்த நிலையில் யாருக்கும் விழிப்பு குறைவது இயல்பு, இது கடும் அலட்சியம் அல்ல என்றது நீதிமன்றம். ஆனால் எல்லா வழக்கும் இப்படி முடிவதில்லை. எச்சரிக்கை வாசகம் தெளிவாகத் திரையில் இருந்தும் குறியீடுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொலைபேசியில் படித்துக் காட்டியவர்கள் ஜெர்மன் நீதிமன்றங்களில் தோற்றிருக்கிறார்கள். உண்மையாகவே பார்சலை எதிர்பார்த்திருந்தீர்கள், தொகை 1.99தான், கோரிக்கை ஒரே முறைதான் வந்தது, மறுநாளே வங்கிக்குச் சொல்லிவிட்டீர்கள். இவை அனைத்தும் உங்கள் பக்கம் நிற்கின்றன. அம்மா அனுப்பிய பார்சலின் ரசீது இருந்தால் அதன் நகலை இணையுங்கள். அந்தக் குறுஞ்செய்தியை நீங்கள் ஏன் நம்பினீர்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

இதையே ஒரு நண்பருக்கு நேர்ந்த வேறு விதமான மோசடியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். போலி வீட்டு உரிமையாளரை நம்பி, முன்பணத்தைத் தன் கையாலேயே வங்கிப் பரிமாற்றம் செய்துவிட்டார் அவர். தொகையும் ஐபான் எனும் வங்கிக் கணக்கு எண்ணும் தெரிந்தே அனுப்பியதால் சட்டத்தின் கண்ணில் அது ஒப்புதல் பெற்ற கட்டணம். மேலே சொன்ன பாதுகாப்பு அதற்கு இல்லை. ஐபான் சரியாக இருந்தால், பெயர் பொருந்தாவிட்டாலும் நீண்ட காலம் வங்கிக்குப் பொறுப்பு இருக்கவில்லை. இந்த ஓட்டையை அடைக்கத்தான், 2025 அக்டோபர் 9 முதல், யூரோ நாடுகளின் வங்கிகள் பணம் அனுப்புவதற்கு முன் பெயரும் ஐபானும் பொருந்துகின்றனவா என்று சரிபார்த்து நமக்குச் சொல்லியாக வேண்டும். "பெயர் பொருந்தவில்லை" என்று திரை சொன்ன பிறகும் அனுப்பினால் பொறுப்பு நம்முடையது. பத்து நொடியில் போய்ச் சேரும் உடனடிப் பரிமாற்றத்தைத் திரும்ப அழைக்க வழி ஏறக்குறைய இல்லை என்பதால், அந்த ஒரு வரியை நின்று படியுங்கள். வங்கி ஊழியர் போலப் பேசி ஏமாற்றும் மோசடிக்கு வங்கியே ஈடு தர வேண்டும் என்ற விதியை ஐரோப்பிய ஆணையம் 2023 ஜூனில் முன்மொழிந்தது. நான் மிகவும் எதிர்பார்த்திருக்கும் மாற்றம் அது.

கணக்கிலிருந்து தானாகப் பிடித்தம் செய்யும் செப்பா நேரடிப் பற்று என்றால் நிலைமை இன்னும் எளிது. எட்டு வாரங்களுக்குள் காரணமே சொல்லாமல் திரும்பப் பெறலாம். நீங்கள் அனுமதியே தராத பிடித்தம் என்றால் பதின்மூன்று மாதங்கள். அந்தப் பதின்மூன்று மாதக் கெடு கார்டுக்கும் பொருந்தும். ஆனால் அது வெளி எல்லை மட்டுமே. தெரிந்த உடன் தெரிவிக்க வேண்டும் என்பதும் சட்டம். கெடு இருக்கிறதே என்று காத்திருந்தால் உரிமையே போய்விடலாம்.

கடையோடு வரும் தகராறு வேறு வகை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் வாங்கிய பொருளைக் காரணம் சொல்லாமல் 14 நாட்களுக்குள் திருப்பி அனுப்பலாம். அந்த உரிமை இருப்பதைக் கடை சொல்லவே இல்லை என்றால் அது இன்னும் 12 மாதங்கள் நீளும். பணம் கட்டும் கடமை உண்டு என்று சொல்லாத பொத்தானை அழுத்தி வாங்கினால் நீங்கள் அதற்குக் கட்டுப்பட்டவர் அல்ல. 2011ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமை ஆணை இவற்றைத் தருகிறது. பொருள் வரவில்லை, கடையும் பதில் சொல்லவில்லை என்றால் கட்டிய பணத்தைக் கார்டு நிறுவனம் மூலம் திரும்பப் பெறும் சார்ஜ்பேக் வழி உண்டு. அது சட்டம் அல்ல, கார்டு நிறுவனங்களின் உள்விதி. கெடுக்கள் குறுகியவை. கடை வேறோர் ஐரோப்பிய ஒன்றிய நாட்டில் இருந்தால் அந்தந்த நாட்டு ஐரோப்பிய நுகர்வோர் மையங்கள் கட்டணமின்றி உதவும். பலர் இன்னும் பழைய நினைவில் தேடும் இணையவழித் தகராறுத் தீர்வுத் தளம் 2025 ஜூலை 20 அன்று மூடப்பட்டுவிட்டது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. காவல் துறையில் இணையம் வழியாகவே புகார் பதிந்து அதன் எண்ணை வாங்குங்கள். வங்கிக்கு, அஞ்சலில் பதிவு செய்து, புதிய கடிதம் எழுதுங்கள். "இந்த மூன்று கட்டணங்களுக்கும் நான் ஒப்புதல் தரவில்லை, 675யு பிரிவின்படி 1,341 யூரோவை உடனே கணக்கில் வையுங்கள், கடும் அலட்சியம் என்று கருதினால் 675டபிள்யு கேட்கும் ஆதாரத்தைத் தாருங்கள்" என்பதுதான் சாரம். கருவி பற்றியும் திரை வாசகம் பற்றியும் மேலே சொன்ன கேள்விகளைச் சேருங்கள். அந்தப் பதிவேடு உங்களைப் பற்றிய தகவல் என்பதால், ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டமான ஜிடிபிஆரின் 15ஆவது பிரிவின்படியும் கேளுங்கள். அதற்குப் பொதுவாக ஒரு மாதத்தில் பதில் தர வேண்டும். புகாருக்கு வங்கி 15 வேலைநாட்களில் பதில் சொல்ல வேண்டும், தன் கையில் இல்லாத காரணம் இருந்தால் மட்டும் 35. மறுத்தால், அந்த வங்கி சேர்ந்திருக்கும் சமரச அமைப்பின் பெயர் அதன் இணையதளத்தில் இருக்கும். அங்கே நுகர்வோருக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை.

கடிதத்தில் "என் தவறுதான், ஆனாலும்" என்று தொடங்கும் வரி ஒன்றுகூட வேண்டாம். மரியாதைக்காக நாம் எழுதும் அந்த வரியை வங்கியின் வழக்கறிஞர் உங்கள் வாக்குமூலமாக எடுத்து வைப்பார். நடந்ததை நடந்தபடி எழுதினால் போதும். அதற்கும் முன்னால் இன்றிரவே ஒரு தாளில், அந்தத் திரையில் நீங்கள் பார்த்த சொற்களை நினைவில் இருக்கும் வரிசையிலேயே எழுதித் தேதி போட்டு வையுங்கள். தொகை இருந்ததா, பெயர் இருந்ததா, என்ன நிறத்தில் பொத்தான், அதன் மேல் என்ன வார்த்தை. வங்கியின் பதிவேடு வரும்போது அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க அந்தத் தாள் வேண்டும்.